டைல்ஸுக்கு அடியில்

தெற்கு அந்தமானின் கராச்சர்மாவில் வீட்டை ஒட்டி இன்னோர் அறை எடுக்க நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்வது டைல்ஸைத்தான். இரண்டுக்கு இரண்டா, நான்குக்கு இரண்டா, பளபளப்பா, சொரசொரப்பா என்று ஸ்ரீ விஜயபுரத்துக் கடைகளில் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அந்த டைல்ஸ் எதன்மேல் உட்காரப் போகிறது என்ற கேள்விக்குக் கால் மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. "மண்ணைக் கொட்டி, தண்ணி விட்டு, நாலு அங்குலம் கான்கிரீட் போட்டுடலாம் சார்" என்ற மேஸ்திரியின் ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது. கட்டட வேலையில் இத்தனை காலம் இருந்து நான் சொல்ல விரும்புவது இதற்கு நேர் எதிரானது. இந்தத் தீவில் வீட்டுத் தரையை மண்ணிலிருந்து பிரித்தாக வேண்டும். ஈரம் மேலே ஏறாமல் பிரிக்க வேண்டும். மண் இறங்கும்போது தரையும் கூடவே இறங்காமல் பிரிக்க வேண்டும். பழைய வீடு ஒரு மாதிரியும் புதிய அறை வேறு மாதிரியும் அசையும்போது இரண்டும் ஒன்றையொன்று கிழிக்காமல் பிரிக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் முதலில் இதற்குப் போகட்டும். மிச்சம் இருப்பதில் டைல்ஸ் வாங்கலாம்; சுமாரான டைல்ஸ் வாங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

குளிர் நாடுகளில் இந்தப் பிரிவினையைத் தரைச்சூடு கட்டாயமாக்கியது. லண்டனிலும் டொரோன்டோவிலும் வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டும் தமிழர்கள் தரைக்குள் பிளாஸ்டிக் குழாய் ஓட்டி அதில் வெந்நீரைச் சுற்றவிடுவது இன்று சாதாரணமான விஷயம். குழாயில் ஓடும் நீர் 35 முதல் 45 பாகை வரை இருக்கும். அதற்குக் கீழே கெட்டியான வெப்பத்தடுப்புப் பலகை, அதற்கும் கீழே ஈரத்தடுப்புத் தாள், சுவரோரம் முழுக்க நெகிழ்வான பட்டை என்று அடுக்கிய பிறகே மேல்தளம் போடுவார்கள். கீழே தடுப்பு இல்லாவிட்டால் காசு கொடுத்து உண்டாக்கிய சூடு மண்ணுக்குள் போய்விடும். சுவரோரப் பட்டை இல்லாவிட்டால் சூட்டில் விரியும் தளம் சுவரை நெட்டித் தானும் வெடிக்கும். கொரியர்களின் ஒண்டோல் தரையும் காஷ்மீர் வீடுகளிலும் மசூதிகளிலும் உள்ள ஹமாம் அறையும் இதற்கு மிகவும் முந்தியவை. ஹமாமில் கற்பலகைத் தரைக்கு அடியில் விறகு எரியும். கல் சூடேறி, பனிக்காலம் முழுக்க அறையைக் காக்கும். அங்கெல்லாம் தரையும் மண்ணும் வேறு வேறு என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் நெருப்போ வெந்நீரோ இருக்கும்போது அதை மறக்க முடியாது.

சூடே தேவைப்படாத ஊருக்கு அந்தப் பாடம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஐரோப்பிய விதிப்படி மனிதர் புழங்கும் இடத்தில் சூடேற்றிய தரையின் மேற்பரப்பு 29 பாகையைத் தாண்டக் கூடாது. கராச்சர்மாவில் ஏப்ரல், மே மாத மதியத்தில் காற்றே அந்த அளவைத் தாண்டி நிற்கிறது. இங்கே எல்லோரும் விரும்புவது குளிர்ந்த தரை. கால் வைத்ததும் சில்லென்று இருக்க வேண்டும் என்பதற்காகவே கிரானைட்டும் விட்ரிஃபைடும் போடுகிறார்கள். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்த ஊரில் குளிர்ந்த தரை நனைந்த தரையாகிவிடும். மழைக்காலத்தில் காற்று 29 பாகையிலும் ஈரப்பதம் 85 சதவீதத்திலும் இருக்கும்போது பனிநிலை 26 பாகையைத் தொடுகிறது. 26 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீர்த்துளி வைக்கும் என்பது இதன் பொருள். சில அடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பத்தை ஒட்டியே நிற்கும். இங்கே அது 26, 27 பாகை. ஆக, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் தரைக்கும் பனிநிலைக்கும் இடையே பல நாட்களில் ஒரு பாகைகூட இடைவெளி இருப்பதில்லை. இரவெல்லாம் 24 பாகையில் ஏ.சி. ஓடிய அறைக் கதவைக் காலையில் திறந்ததும் டைல்ஸ் வியர்ப்பது இதனால்தான். தரைக்குள் குளிர்ந்த நீரை ஓடவிட்டு அறையைக் குளிர்விக்கும் ஏற்பாடும் உலகில் இருக்கிறது. பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அது சரியாக நடப்பதற்குக் காரணம், உள்ளே வரும் காற்றிலிருந்து ஈரத்தை முதலில் பிரித்துவிடுகிறார்கள். ஜன்னல் திறந்திருக்கும் நம் வீட்டில் அதையே செய்தால் தரையில் தண்ணீர் தேங்கும்.

எனவே நனைந்த தரையைக் கண்டதும் முதலில் பிரித்தறிய வேண்டியது, அந்த ஈரம் காற்றிலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து வந்ததா என்பதை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு மற்றதன் மருந்தைக் கொடுத்துப் பணத்தை வீணாக்குவதை இந்த ஊரில் அடிக்கடி பார்க்கலாம். சோதிக்கும் வழி எளிது. வெறும் கான்கிரீட்டின் மேல், டைல்ஸ் போட்டிருந்தால் ஒரு டைல்ஸைப் பெயர்த்த இடத்தில், ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். ஓர் இரவும் அடுத்த அரைப் பகலும் அப்படியே கிடக்கட்டும். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிடக் கருத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. தாளின் மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். காற்றின் ஈரத்துக்கு மருந்து ஏ.சி.யை 26, 27-இல் வைத்து மின்விசிறியைச் சுற்றவிடுவதும், விடிந்ததும் கதவைத் திறப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பே ஏ.சி.யை அணைப்பதும்தான். 2020 ஜனவரி முதல் அறை ஏ.சி.கள் 24 பாகையைத் தொடக்க நிலையாக வைத்தே வருகின்றன. இங்கே ரிமோட்டை எடுத்து அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். மண்ணின் ஈரத்துக்கு இப்படிச் சுலபமான வழி கிடையாது. அறை எழும்பும் முன்பே அதைத் தடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் அறையில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டுப் புதிய அறைக்குக் கடக்கால் தோண்டுவது நல்லது. அதே மண்ணின் மேல்தானே புதியதும் நிற்கப்போகிறது.

ஸ்ரீ விஜயபுரம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை இரண்டு பருவக்காற்றும் மாறி மாறிப் பொழியும். களிமண் கலந்த நிலம் அந்த நீரை விடாமல் பிடித்து வைக்கிறது. நுண்ணிய துளைகள் வழியே நீர் மேலேறும் வேகமும் உயரமும் மண் துகளின் பருமனைப் பொறுத்தவை. களிமண்ணில் அது ஆளுயரத்தையும் தாண்டும், மணலில் ஓரிரு அடி, நாற்பது மில்லி ஜல்லியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஈரத்தைத் தடுக்கும் வேலையில் பாதியை இந்த ஒரு உண்மையே முடித்துத் தருகிறது. நிரப்பிய மண்ணின் மேல் ஆறு அங்குலம் தூள் இல்லாத ஜல்லியைப் பரப்பினால் நீரேற்றம் அங்கேயே அறுந்துவிடும். அதன்மேல் இரண்டு அங்குலம் கல்தூளைப் போட்டு மட்டம் செய்து, 250 மைக்ரான் பாலிதீன் தாளை விரிக்க வேண்டும். தாளோடு தாள் ஆறு அங்குலமாவது மேலேறி டேப் ஒட்டியிருக்க வேண்டும். சுவரோரத்தில் அதை மடித்து மேலேற்றி, சுவரின் டிபிசி (ஈரத்தடுப்பு அடுக்கு) மட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். பெரும்பாலான வேலைகள் இந்தக் கடைசி அடியில்தான் கெடுகின்றன. தாளைச் சுவருக்கு நான்கு அங்குலம் உள்ளேயே வெட்டி நிறுத்திவிடுவார்கள். அறை நடுவில் ஓதம் வராது. சுற்றிலும் சுவரடியில் ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்து நிற்கும். தாள் எப்படியும் கிழியும், கம்பி கட்டுபவர்கள் மிதித்தே ஓட்டை போட்டுவிடுவார்கள், பிறகு எதற்கு என்பவர்கள் உண்டு. கிழியத்தான் செய்யும். அதற்காகவே கீழே ஜல்லியும் இருக்கிறது. தாளில் விழுந்த ஓட்டை வழியே நீராவி கொஞ்சம் ஏறும். ஜல்லி இருக்கும்போது நீராக ஏறாது. இரண்டில் ஒன்று போதும் என்று நினைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை.

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரையே குடிக்காது, அதுவே ஒரு தடுப்புத்தானே என்பது கடைக்காரர்கள் சொல்லிப் பரவிய வாதம். டைல்ஸ் குடிக்காது என்பது உண்மை. அதன் நீர் உறிஞ்சுதல் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கீழே இருந்து ஏறும் ஈரம் தடுப்பைக் கண்டு திரும்பிப் போவதில்லை. டைல்ஸ் இடுக்கில் உள்ள கிரவுட் வழியே ஏறி அதைக் கறுப்பாக்கும். இடுக்கும் போதாதபோது பக்கவாட்டில் நகர்ந்து சுவருக்குள் ஏறும். ஹாலோ பிளாக் சுவர் அதை மனமார ஏற்றுக்கொள்ளும். சிமென்ட் பூசிய பழைய தரையும் செட்டிநாட்டுப் பாணிச் சிவப்பு ஆக்சைடு தரையும் ஏறிய ஈரத்தைப் பரப்பு முழுவதும் மெல்ல மெல்லக் காற்றில் விட்டுக்கொண்டே இருந்தன. அதனால் அங்கே ஓதம் கண்ணில் படவில்லை. அந்தத் தரையின்மேலேயே டைல்ஸ் ஒட்டிய இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் கெடத் தொடங்கினால், சுவரில் கோளாறு என்று நினைத்துச் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிப்பது வீண் வேலை.

"எங்க அப்பா காலத்துல இதெல்லாம் ஒண்ணும் போடல, வீடு நல்லாத்தான் இருக்கு" என்ற மறுப்புக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணால் கண்ட சாட்சி. பழைய அந்தமான் வீடுகளில் பல மரத்தூண்மேல் பலகைத் தரை போட்டவை. அடியில் காற்று ஓடிக்கொண்டிருந்தது. நிக்கோபாரியர்களின் வட்டக் குடில்களும் தூண்மேல்தான் நிற்கின்றன. அவை மண்ணைத் தொடவே இல்லை, தாள் எதற்கு? சிமென்ட் தரை வீடுகளோ நான் மேலே சொன்னபடி மூச்சுவிட்டன. மூன்றாவது காரணம்தான் பெரியது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கே டிக்லிபூர்ப் பக்கம் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே தெரிய, இங்கே கராச்சர்மாவுக்குப் பக்கத்துச் சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் கடல்நீர் வந்து நின்றது. அந்த வெள்ளம் வடியாமலே போய், ரோட்டோரத்தில் இன்றும் நீர்ப்பரப்பாகக் கிடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். கடல் மட்டம் தரையோடு ஒப்பிட ஒரு மீட்டர் உயர்ந்துவிட்டால், தாழ்வான இடங்களில் நிலத்தடி நீர் மட்டமும் உயரும், அதில் உப்பும் கூடும். அப்பா கட்டிய காலத்து மண் இப்போது இல்லை. உப்புக் கலந்த ஓதம் வெறும் ஓதத்தைவிட மோசம். காய்ந்த பிறகும் உப்பு சுவரில் தங்கிக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கம்பியைத் தொட்டால் துருவேற்றும்.

ஈரத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், புதிய அறைகளின் தரை உடைவதற்கு ஈரத்தைவிடப் பெரிய காரணம் நிரப்பிய மண் என்றே நினைக்கிறேன். கராச்சர்மாவில் சமதளம் குறைவு. மேட்டை வெட்டி, அந்த மண்ணாலேயே பள்ளத்தை நிரப்பி மனை ஆக்குகிறோம். பழைய வீடு வெட்டிய பக்கத்தில் கெட்டியாக நிற்கும். புதிய அறை வருவதற்கு மிச்சமிருப்பது நிரப்பிய பக்கம்தான். பழைய தரை மட்டத்துக்கே புதியதும் வரவேண்டும் என்பதால் ஒரு மூலையில் ஓர் அடியும் எதிர் மூலையில் நான்கு அடியும் மண் போட வேண்டியிருக்கும். தெற்கு அந்தமானின் பெரும்பகுதி மணற்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காக அமைந்த நிலம். வெட்டி எடுக்கும்போது களிப்பாறை கல்லைப் போல் கெட்டியாக இருக்கும். அப்படியே கொட்டினால் கட்டிகளுக்கு இடையே காலி இடம் நிறைய நிற்கும். இரண்டு மழை பார்த்ததும் அந்தக் கட்டிகள் சேறாகக் கரைந்து காலி இடத்தை நிரப்ப, மேல்மட்டம் இறங்கும். இதன்மேல் தண்ணீர் விட்டுக் கட்டுவது என்ற வழக்கம் தமிழ்நாட்டின் மணற்பாங்கான ஊர்களிலிருந்து கொத்தனார்களோடு கப்பலேறி வந்தது. மணலில் அது சரியான வேலை. தண்ணீர் வடியும்போது மணலும் நெருங்கி உட்காரும். களிமண்ணில் தண்ணீர் வடியாது. மேலே கூழும் கீழே கட்டியுமாக நின்று, பார்வைக்கு இறுகியதுபோல் தோன்றி ஏமாற்றும்.

களிமண்ணை எட்டு அங்குலத்துக்கு மிகாத அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே திமிசு போட வேண்டும். அறை பெரிதென்றால் வாடகைக்கு இடிக்கும் எந்திரம் எடுக்கலாம். மண்ணில் ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, விரித்த கையில் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை ஈரமாகக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாக உதிர்ந்தால் காய்ந்த மண், கொஞ்சம் தெளிக்கலாம். சப்பையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். அன்றைக்குத் திமிசு போடுவதில் பயனில்லை, வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். காசு இருந்தால் களிமண்ணை விட்டுவிட்டுக் குவாரிக் கல்தூள் நிரப்பலாம். இறக்கம் வெகுவாகக் குறையும். கரையானுக்கான மருந்தை அடிக்க வேண்டிய நேரமும் இதுவே, ஐ.எஸ். 6313 சொல்லும் ஒரு சதவீதக் குளோர்பைரிபாஸ் கரைசலைக் கடக்கால் பக்கத்திலும் நிரப்பின் மேல்மட்டத்திலும் தெளித்த பிறகே ஜல்லி பரப்ப வேண்டும். தரை போட்ட பிறகு துளையிட்டு ஊற்றுவது அரை வைத்தியம்தான்.

நிரப்பு இரண்டரை, மூன்று அடியைத் தாண்டினால் நான் வேறு முடிவைத்தான் சொல்வேன். அங்கே தரை மண்ணை நம்பி உட்காரக் கூடாது. நான்கு பக்கமும் உள்ள பிளிந்த் பீமின்மேல், மாடித் தளம்போலக் கம்பி கட்டிய தளமாக நிற்க வேண்டும். பத்து, பன்னிரண்டு அடி அகல அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போதுமானது. கம்பியைப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும். இதற்கு அடியில் சென்ட்ரிங் அடித்துக் கழற்ற வேண்டுமே, செலவு தாங்குமா என்று கேட்பார்கள். அடிக்க வேண்டியதில்லை. மண்ணைச் சுமாராக நிரப்பி, மட்டம் செய்து, தாள் விரித்து, அதன்மேலேயே வார்க்கலாம். கான்கிரீட் இறுகும் வரை மண் பலகையாக வேலை செய்கிறது. அதன்பிறகு மண் இறங்கினாலும் தளத்துக்குக் கவலையில்லை, அடியில் கொஞ்சம் இடைவெளி விழும், அவ்வளவுதான். அந்த இடைவெளியே ஈரத்துக்கு இன்னொரு தடையாகிறது. செலவு கூடுவது கம்பியிலும், தரையின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கப் போகும் பீமிலும் அடிமானத்திலும். குறைவது திமிசுக் கூலியிலும் மண்ணிலும். நான்கு அடி ஆழ மண்ணை அடுக்கடுக்காக நேர்மையாக இறுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. நேர்மையாக இறுக்காத மண்ணோடு ஒப்பிட்டால் இது விலை அதிகம்தான். ஆனால் இறுக்காத மண்ணைத் தரைக்கான ஒரு வழியாக எண்ணுவதே தவறு.

நிலநடுக்கத்தைச் சொல்லி இதை எதிர்ப்பவர்களின் வாதம் கனமானது. அந்தமான் நிக்கோபார் முழுவதும் நாட்டின் மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலம். 2004-க்கு முன்பு 1941 ஜூனிலும் பெரிய நிலநடுக்கம் இங்கே நடந்தது. தரையை மண்ணிலிருந்து தூக்கித் தூண்மேல் வைத்தால் ஆபத்தல்லவா? 2001-இல் குஜராத்தில் தரைத்தளத்தைத் தூண்மேல் காலியாக விட்ட கட்டடங்கள் முதலில் மடிந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சரிவான நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே குறுக்களவுள்ள தூண்களில் பாதி உயரமுள்ள தூண் எட்டு மடங்கு விறைப்பாக இருக்கும்; வீடு பக்கவாட்டில் ஆடும்போது அந்தக் கட்டைத் தூணே விசையில் பெரும்பங்கை இழுத்துக்கொண்டு முதலில் நொறுங்கும். மேட்டுப் பக்கம் ஓர் அடி, பள்ளத்துப் பக்கம் ஐந்து அடி என்று தூண் வைத்துத் தளத்தைத் தூக்கினால் அதைத்தான் வரவழைக்கிறோம். ஆகவே தூண்மேல் திறந்து விடுவதை நானும் பரிந்துரைக்கவில்லை. பீம்வரை சுற்றிலும் கல் அல்லது கான்கிரீட் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணும் நிரம்பியிருக்கும் அமைப்பில், தளம் மட்டும் பீமைப் பிடித்து நிற்கிறது. எல்லாப் பீமும் ஒன்றோடொன்று கட்டுண்டு, தூண்களில் ஐ.எஸ். 13920 கேட்கும்படி வளையக் கம்பிகள் நெருக்கமாக, கொக்கி உள்நோக்கி மடங்கியபடி இருந்தால், கம்பித் தளம் அடிமட்டத்தில் அறையை இறுக்கிப் பிடிக்கும் ஒரு தட்டாகிவிடும். வெறுமனே கிடக்கும் கான்கிரீட் தரையால் அதைச் செய்ய முடியாது.

மரத்தரை என்ற யோசனையையும் சிலர் எழுப்புகிறார்கள். அதற்கு நான் எதிரியல்ல. படாக் மரத்தின் வைரம் கரையானையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும்; நிலநடுக்கத்தில் மரவீடு இலகுவாக ஆடி நிற்கும். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2002 மே ஆணைக்குப் பிறகு இத்தீவுகளில் மரம் வெட்டுவது கடுமையாகக் குறைந்துவிட்டது. சாதாரணக் குடும்பம் ஓர் அறைக்குப் படாக் பலகை வாங்கும் காலம் போய்விட்டது.

பழைய வீட்டோடு புதிய தரை சேரும் இடத்துக்கு வருவோம். பழைய வீடு இறங்க வேண்டியதை இறங்கி முடித்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டு தரையையும் ஒரே டைல்ஸ் ஓட்டமாக, நடுவில் கோடு தெரியாமல் போட வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். பார்ப்பதற்கு அழகுதான், முதல் ஆண்டே வாசற்படியின் நேர்கோட்டில் டைல்ஸ் வரிசையாக விரியும், அல்லது தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். சேருமிடத்தில் பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் இடையே ஓர் அங்குலத்துக்குக் குறையாத பிரிவு கடக்கால் மேலிருந்து கூரைவரை ஓட வேண்டும். நிலநடுக்கத்தில் இரண்டும் தனித்தனியே ஆட அது இடம் தரும். தரைமட்டத்தில் அந்தப் பிரிவை நெகிழ்வான சீலன்ட்டால் அடைத்து, மேலே ஒருபக்கம் மட்டும் திருகிய அலுமினியப் பட்டை வைக்கலாம். குளிர்நாட்டுச் சூட்டுத் தரையின் சுவரோரப் பட்டையும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. கதவு நிலைக்கு நேர் கீழே பிரிவு வரும்படி அறையைத் திட்டமிட்டால் அந்தப் பட்டை யார் கண்ணையும் உறுத்தாது.

கான்கிரீட்டின் தரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி உள்ள தளம் என்றால் மட்டும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடற்கரை மணலை எடுக்கவும் கூடாது, அதை யாராவது கொண்டுவந்து கொட்டினால் சேர்க்கவும் கூடாது. அதே 2002 ஆணை இத்தீவுகளில் மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. அதற்குக் கரையைக் காக்கும் காரணம். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்த மணலின் உப்பு கம்பியைத் தின்னும். ஐ.எஸ். 456 கம்பியுள்ள கான்கிரீட்டில் ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. கடலோரச் சூழலுக்கு எம்30 கலவையும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பும் கேட்கிறது. குவாரியில் உடைத்த மணல் சொரசொரப்பாக இருப்பதால் கலவை இறுகலாக வரும். அதற்காகச் சித்தாள் ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவதை நின்று தடுக்க வேண்டும். வேலையிடத்தில் மேஸ்திரி தமிழராகவும் ஆட்கள் வங்காளிகளாகவும் ராஞ்சிக்காரர்களாகவும் இருப்பார்கள், பேச்சு இந்தியில் ஓடும். அதனால் இந்த அளவுகளை வாயால் சொன்னதைவிட வரைந்து சுவரில் ஒட்டியது நிற்கும்.

வார்த்த கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருக்கும் கியூரிங்தான் இங்கே தீராத இடர். மழை விடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் எல்லோரும் கட்டுகிறோம். தனிக்காரி அணை வற்றி, குழாயில் தண்ணீர் முறைவைத்து வருவதும் அதே மாதங்களில்தான். குடிக்கவே தண்ணீர் எண்ணிப் பிடிக்கும் வீட்டில் தரைக்கு ஊற்றச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் மிச்சமான பாலிதீன் தாளை மூடினால் தண்ணீர் செலவு மிகக் குறையும். காலை மாலை தாளைத் தூக்கிச் சாக்கின் ஈரத்தைப் பார்த்தால் போதும். குறைந்தது பத்து நாள் அப்படி இருக்க வேண்டும்.

அதன்பிறகு டைல்ஸ்காரரைக் கூப்பிடாமல் இருக்கும்படிதான் கேட்டுக்கொள்வேன். இதற்கு எதிர்ப்பு மிக அதிகம், புரிந்துகொள்ளவும் முடிகிறது. அறை முடிந்துவிட்டது, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, சிமென்ட் தரையில் உறவினரை உட்கார வைப்பதா? ஆனால் கான்கிரீட் தன் ஈரத்தை விட ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது காய்ந்த காற்றுள்ள நாட்டுக் கணக்கு. இங்கே அது இன்னும் நீளும், கீழே தாள் இருப்பதால் மேற்பக்கம் ஒன்றுதான் வழி. அதற்குள் டைல்ஸ் ஒட்டினால் அந்த ஈரத்தை நாமே உள்ளே பூட்டுகிறோம். மண்ணின் இறக்கமும் முதல் மழைக்காலத்தில்தான் பெரும்பாலும் வெளிப்படும். மார்ச்சில் தரை போட்டவர்கள் வழவழப்பான சிமென்ட் பூச்சோடு அறையில் குடியேறி, வேண்டுமானால் சிவப்பு ஆக்சைடு கலந்து, மேயிலிருந்து டிசம்பர்வரை புழங்கட்டும். வெடிப்பு வருமானால் எங்கே வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். சுவரோரம் இறங்கினால் தெரியும். மழை நீர் சுவரடியில் தேங்கினால் வெளியே மூன்றடி அகலத்துக்குச் சாய்வான தளம் போட்டு வாய்க்காலுக்குத் திருப்ப நேரம் இருக்கும். ஜனவரியில் அதே பாலிதீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, அடிப்பக்கம் காய்ந்திருந்தால் அப்போது டைல்ஸ் வாங்கலாம். அதற்குள் சிமென்ட் தரையே பிடித்துப்போய் அப்படியே விட்டுவிடும் குடும்பங்களும் இருக்கும், அதிலும் தவறில்லை.